காங்கோ தடை மறுபடியும் நீட்டிப்பு: பில்லில் ஊர் பெயரை மாற்றலாமா?

கேள்வி: கின்ஷாசாவில் ஒரு வர்த்தக நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். சோலார் பேனல், பேட்டரி, தண்ணீர் பம்ப் விற்கிறோம். நாட்டின் கிழக்கே கோமா நகரில் எங்களுக்குப் பழைய வாடிக்கையாளர் ஒருவர் இருக்கிறார். அவர் அனுப்பிய டாலர் வாரக்கணக்கில் வங்கியில் நிற்கிறது. கேட்டால் "அமெரிக்கத் தடையை நீட்டித்திருக்கிறார்கள்" என்கிறார்கள். 2006-இல் அறிவித்த அவசரநிலையை ஒவ்வொரு அக்டோபரும் நீட்டிப்பதில் என்ன அவசரம் இருக்கிறது? காங்கோவே தடைசெய்யப்பட்ட நாடா? அடுத்த பில்லில் கோமா முகவரியை எடுத்துவிட்டு கின்ஷாசா முகவரி போடு, தொல்லை தீர்ந்தது என்கிறார் முதலாளி. போடலாமா? இந்தத் தடை எப்போதுதான் போகும்?

பதில்:

வணக்கம். முதலாளி சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இப்போது உங்கள் கையில் இருப்பது அநேகமாகச் சட்டப்படி சரியான வியாபாரம், காகித வேலைதான் பாக்கி. முகவரியை மாற்றினால் கதையே வேறு. அதற்குள் போவதற்கு முன்னால் இந்த நீட்டிப்பு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் உங்கள் வங்கி சொன்ன காரணமே அரைகுறை.

2006 அக்டோபர் 27 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் 13413 என்ற எண்ணுள்ள நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். காங்கோ ஜனநாயகக் குடியரசில் நடக்கும் சண்டைக்குத் துணைபோகிறவர்களின் சொத்தை முடக்குவதற்கான ஆணை அது. ஓர் அமெரிக்க அதிபர் வெளிநாட்டுக்காரர் ஒருவரின் சொத்தில் இப்படிக் கைவைக்க, பெரும்பாலும் 1977-இல் வந்த சர்வதேச அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டத்தைத்தான் பிடித்துக்கொள்வார். அந்தச் சட்டம் கொடுக்கும் அதிகாரம் வேண்டுமென்றால் முதலில் தேசிய அவசரநிலை அறிவித்தாக வேண்டும். அந்த அறிவிப்புக்கு ஆயுள் ஓராண்டுதான். ஆண்டு நிறைவுக்கு முந்தைய 90 நாட்களுக்குள் "இது தொடர்கிறது" என்று அதிபர் அரசிதழில் வெளியிட்டு நாடாளுமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும், இல்லையென்றால் அவசரநிலை தானாகவே காலாவதி என்று 1976-ஆம் ஆண்டின் தேசிய அவசரநிலைச் சட்டம் சொல்கிறது.

ஆக, ஒவ்வொரு அக்டோபரும் வருவது புதுத் தடை இல்லை. கடை லைசென்ஸைப் புதுப்பிக்கிற மாதிரிதான். நீட்டிப்பு அறிவிப்பைப் படித்துப் பாருங்கள், அரைப் பக்கம்கூட இருக்காது. போன ஆண்டின் அறிவிப்பில் தேதியை மாற்றியதுபோல இருக்கும். புஷ், ஒபாமா, டிரம்ப், பைடன் என யார் வந்தாலும் இதைச் செய்தார்கள். அதில் ஒரு புதுப் பெயரும் சேராது, பழைய பெயர் ஒன்றும் போகாது. "நீட்டித்திருக்கிறார்கள், அதனால் பணம் நிற்கிறது" என்று வங்கி சொன்னால், உண்மைக் காரணத்தைச் சொல்லச் சோம்பல்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை ஆண்டு நீளும் அவசரம் என்ன அவசரம் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். காங்கோ இதில் மூத்த பிள்ளைகூட இல்லை. ஈரான் விஷயத்தில் 1979 நவம்பரில் கார்ட்டர் அறிவித்த அவசரநிலை இன்றும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. அவசரநிலை நீடிக்க வேண்டுமா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரு அவைகளும் கூடி யோசிக்க வேண்டும் என்று அந்த 1976 சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் அந்த விதியை யாரும் பெரிதாகச் சட்டை செய்வதில்லை. அவை தீர்மானம் போட்டாலும் அதிபர் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தலாம், 2019-இல் மெக்சிகோ எல்லைச் சுவர் விவகாரத்தில் டிரம்ப் அதைத்தான் செய்தார். தற்காலிக அதிகாரத்தை இப்படி நிரந்தரமாக வைத்திருப்பது நல்ல பழக்கம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் காங்கோவைப் பொறுத்தவரை, சண்டை முடிந்தும் காகிதம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லவும் முடியாது. கிழக்குக் காங்கோவில் அரசுக்கு எதிராகச் சண்டையிடும் எம்23 என்ற ஆயுத அமைப்பு 2012 நவம்பரில் கோமாவைப் பிடித்தது, 2013-இல் தோற்றது, 2021 கடைசியில் மறுபடி கிளம்பியது, 2025 ஜனவரி இறுதியில் கோமாவையும் பிப்ரவரியில் புக்காவுவையும் எடுத்துக்கொண்டது. 2025 டிசம்பர் 4 அன்று வாஷிங்டனில் காங்கோ அதிபர் சிசெகேதியும் ருவாண்டா அதிபர் ககாமேயும் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். மை காயும் முன்னே, ஒரு வாரத்துக்குள், எம்23 படை ஊவிரா நகரத்துக்குள் புகுந்தது. இந்த நிலையில் எந்த அதிபரும் அவசரநிலையைச் சும்மா காலாவதியாக விடமாட்டார், விட்டால் அதுவே ஒரு செய்தியாகிவிடும்.

சரி, நீங்கள் கவனிக்க வேண்டியது என்ன? பட்டியல். ஆணை ஒரு சட்டகம்தான், அதற்குள் யாரைப் போடுவது என்பதை அமெரிக்க நிதித்துறையின் ஓஃபாக் என்ற அலுவலகம் முடிவு செய்கிறது. அது அக்டோபர் வரை காத்திருக்காது. எம்23 அமைப்பையும் எஃப்.டி.எல்.ஆர். என்ற ருவாண்டா ஹூட்டு ஆயுதக் குழுவையும் 2013-இல் சேர்த்தார்கள். 2014-இல் ஒபாமா இன்னோர் ஆணையால் வலையை அகலமாக்கினார். முன்னாள் தேர்தல் ஆணையத் தலைவர் கோர்னெய் நங்கா 2019-இல் பட்டியலுக்கு வந்தார். பிறகு அவர் எம்23-உடன் சேர்ந்து தொடங்கிய காங்கோ நதிக் கூட்டணி 2024 ஜூலையில் வந்தது. 2025 பிப்ரவரியில் ருவாண்டா அமைச்சர் ஜேம்ஸ் கபரேபே, எம்23 பேச்சாளர் லாரன்ஸ் கன்யூகா, கன்யூகாவின் இரண்டு கம்பெனிகள். ஆகஸ்டில் ருபாயா சுரங்கப் பகுதியின் கோல்டான் தாது விவகாரத்தில் ஓர் ஆயுதக் குழு, ஒரு சுரங்கக் கூட்டுறவு, ஹாங்காங்கைச் சேர்ந்த இரண்டு ஏற்றுமதி நிறுவனங்கள். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். துப்பாக்கி தூக்கியவர்களோடு நிற்காமல், சரக்கு வாங்கியவர்கள் வரைக்கும் கை நீண்டுவிட்டது.

காங்கோவே தடைசெய்யப்பட்ட நாடா என்றால், இல்லை. கியூபாவைப் போல நாடு முழுவதற்கும் தடை கிடையாது. கிரிமியாவுக்கு 2014-இலும் தோனெத்ஸ்க், லுஹான்ஸ்க் பகுதிகளுக்கு 2022-இலும் வந்ததே, அதுபோல ஒரு வட்டாரத்துக்கு மட்டுமான முழுத் தடையும் கோமாவுக்கு இல்லை. அங்கே இருக்கும் ஒரு கடைக்காரருக்குத் தண்ணீர் பம்ப் விற்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றம் ஆகாது. பட்டியலில் உள்ள ஆள், அமைப்பு, அவர்கள் பாதிக்கு மேல் வைத்திருக்கும் நிறுவனம், இவை தொடாத வியாபாரமாக இருந்தால் போதும். பாதிக்கு மேல் என்றேனே, சரியாக ஐம்பது சதவீதமே போதும், அதுவும் கூட்டிப் பார்ப்பார்கள்: பட்டியலில் உள்ள ஒருவருக்கு 30, இன்னொருவருக்கு 20 என்றிருந்தால் அந்த நிறுவனத்தின் பெயர் எங்கும் இல்லாவிட்டாலும் அது முடக்கப்பட்டதுதான்.

அப்புறம் ஏன் பணம் நிற்கிறது? டாலர் என்பதால். காங்கோவில் பாதி வாழ்க்கை டாலரில்தான் ஓடுகிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் வங்கி வழியாகப் போகும் டாலர் பெரும்பாலும் எங்கோ ஓரிடத்தில் நியூயார்க்கில் உள்ள ஓர் இடைநிலை வங்கியின் கணக்கைத் தொட்டுவிட்டுத்தான் வரும். அந்த வங்கி அமெரிக்கச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. அதன் கணினியில் "கோமா" என்ற சொல் வந்தாலே மணி அடிக்கும், உடனே உங்கள் வங்கிக்கு ஒரு கேள்வித்தாள் வரும், உங்கள் வங்கியில் அதை யாரோ மேசை ஓரத்தில் வைத்துவிட்டு உங்களிடம் "தடை நீட்டிப்பு" என்று சொல்லியிருப்பார்கள். காங்கோ வாடிக்கையாளரால் வரும் வருமானம் சிறிது, தலைவலி பெரிது என்று கணக்குப் போட்டு, தடையே இல்லாத வியாபாரத்தையும் தள்ளிவிடும் வங்கிகள் நிறைய. இதன் சுமை எம்23 தளபதி மேல் விழுவதில்லை, உங்களைப் போன்றவர்கள் மேல்தான் விழுகிறது. இந்தத் தடைகளில் எனக்குப் பிடிக்காத பகுதி இதுதான்.

இப்போது உங்கள் வியாபாரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். நியூயார்க் வங்கி கேட்கப்போகும் கேள்விகள் எனக்குத் தெரியும், அவற்றில் இரண்டு உங்களை உண்மையிலேயே மடக்கக்கூடியவை.

ஒன்று, பணம் எங்கிருந்து கிளம்பியது. கோமா விழுந்தபிறகு கின்ஷாசா அரசு அங்குள்ள வங்கிகளின் செயல்பாட்டை நிறுத்தியது. 2025 ஏப்ரலில் காதெகோ என்ற பழைய சேமிப்பு வங்கியை எம்23 தன் கையில் எடுத்துத் திறந்தது. அப்படியிருக்க உங்கள் வாடிக்கையாளர் எப்படிப் பணம் அனுப்பினார்? எல்லை தாண்டி ருவாண்டாப் பக்கம் கிசெனியில் உள்ள வங்கியிலிருந்தா? தம்பி, மச்சான் பெயரில் உள்ள கணக்கிலிருந்தா? பணம் அனுப்பியவர் பெயரும் பில்லில் உள்ள பெயரும் வேறாக இருந்தால், வங்கி சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. அதற்கு ஒரு விளக்கக் கடிதமும் உறவு என்ன என்பதற்குச் சான்றும் வாங்கி வையுங்கள். காதெகோ வழியாக வந்திருந்தால் என் பதில் வேறு: அந்தப் பணத்தைத் தொடாதீர்கள், உங்கள் வங்கியின் சட்டப் பிரிவிடம் நேராகப் பேசுங்கள். அது எம்23-உடன் கொடுக்கல் வாங்கல் என்று எளிதாகப் பார்க்கப்படும், கின்ஷாசா அரசிடமும் சிக்கல் வரும்.

இரண்டாவது, சுங்கத்தை யார் கட்டுகிறார்கள். இதை முக்கால்வாசிப் பேர் யோசிப்பதே இல்லை. கோமா விமான நிலையம் மூடிய பிறகு கின்ஷாசாவிலிருந்து சரக்கைப் பறக்கவிட வழியில்லை. அதனால் உங்கள் பேனல்கள் கின்ஷாசாவைத் தொடாமலே, சப்ளையரிடமிருந்து கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் இறங்கி, உகாண்டா வழியாக லாரியில் புனகானா எல்லைக்கு வருகின்றன என்றே வைத்துக்கொள்கிறேன். புனகானா 2022 ஜூனிலிருந்து எம்23 கையில். அங்கே சுங்கம் கட்டினால் அந்தக் காசு பட்டியலில் உள்ள அமைப்புக்குப் போகிறது. உங்கள் ஒப்பந்தத்தில் "டி.டி.பி.", அதாவது வரி உட்பட வாங்குபவர் வாசலில் இறக்கித் தருகிறோம் என்று இருந்தால், அதைக் கட்டுவது உங்கள் நிறுவனம். இது வெறும் காகிதச் சிக்கல் இல்லை, உண்மையான ஆபத்து. ஏனென்றால் அந்த ஆணையின்படி பட்டியலில் உள்ளவர்களுக்குப் பொருளாகவோ பணமாகவோ ஆதரவு கொடுக்கிறவரையும் பட்டியலில் சேர்க்கலாம், அவர் அமெரிக்கராக இருக்க வேண்டியதில்லை. அதையே "எஃப்.சி.ஏ. மொம்பாசா" என்று மாற்றி, அங்கேயே சரக்கை வாங்குபவர் அமர்த்திய சரக்கு முகவரிடம் ஒப்படைத்துவிட்டால், எல்லையில் நடப்பதில் உங்கள் பணம் இருக்காது. இது எல்லாக் கவலையையும் போக்காது, அவர் என்ன கட்டுகிறார் என்பது உங்களுக்குத் தெரிந்தேதான் இருக்கும். ஆனாலும் நீங்களே கட்டுவதற்கும், பிழைப்புக்காக அங்கே வாழும் ஒரு கடைக்காரர் வேறு வழியில்லாமல் கட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது, அந்த வித்தியாசத்தை வங்கியின் ஆய்வாளரும் பார்ப்பார். முதலாளியிடம் முகவரியை மாற்றுவதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு இந்த மூன்றெழுத்தை மாற்றுவதைப் பற்றிப் பேசுங்கள்.

பெயர்ப் பொருத்தம் பற்றியும் ஒன்று. ஓஃபாக் இணையதளத்தில் இலவசத் தேடல் இருக்கிறது, பெயர் எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறது என்று நூற்றுக்கு இத்தனை எனக் காட்டும். ஹாங்காங் நிறுவனங்களின் பெயர் ஈஸ்ட் ரைஸ், ஸ்டார் டிராகன். கன்யூகாவின் கம்பெனிகள் கிங்ஸ்டன் ஃபிரெஷ், கிங்ஸ்டன் ஹோல்டிங். உலகத்தில் எத்தனை கிங்ஸ்டன், எத்தனை ஸ்டார் டிராகன்! காங்கோ அடையாள அட்டைகளில் பெயர்களின் வரிசையும் முன்பின்னாக வரும். அதனால் பெயர் ஒத்துப்போனதும் பயந்துவிட வேண்டாம், பிறந்த தேதி, நாடு, பதிவு எண் ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, "இவர் அவர் இல்லை, காரணம் இது" என்று இரண்டு வரி எழுதி, தேடிய பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்துக் கோப்பில் போடுங்கள். வாங்குபவர் பெயரோடு நிறுத்தாமல் அவர் நிறுவனத்தின் பங்குதாரர்கள், பணம் அனுப்பியவர், லாரிக்காரர் வரைக்கும் பாருங்கள். சரக்கு புறப்படும்போது ஒருமுறை, பணம் வரும்போது ஒருமுறை பார்ப்பது நல்லது, இடையில் பட்டியல் மாறியிருக்கலாம்.

இனி முதலாளியின் யோசனை. பணம் அனுப்பும் தகவலிலிருந்து ஊரையோ பெயரையோ எடுத்துவிடுவது இந்தத் துறையில் மிகப் பழைய தந்திரம். பிரான்ஸின் பி.என்.பி. பரிபா வங்கி சூடான், ஈரான், கியூபா சம்பந்தப்பட்ட டாலர் பரிமாற்றங்களில் பெயர்களை மறைத்து அனுப்பியது. 2014-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சுமார் 890 கோடி டாலர் கட்டியது. உங்கள் நிறுவனத்துக்கு அந்த அளவு வராது, அமெரிக்க வழக்கறிஞர் யாரும் நாலு பம்புக்காகக் கின்ஷாசாவுக்கு விமானம் ஏறப்போவதும் இல்லை. ஆனால் மறைத்தது தெரிந்தால் (கப்பல் ஆவணத்தில் மொம்பாசா, புனகானா என்று அப்பட்டமாக இருக்கும், பில்லில் மட்டும் கின்ஷாசா, இதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை) உங்கள் டாலர் கணக்கை மூடிவிடுவார்கள், வேறு வங்கியும் திறக்காது. அதைவிட முக்கியம், தெரியாமல் நடந்த தவறு என்று சொல்லும் வாய்ப்பு போய்விடும். வேண்டுமென்றே ஏய்த்ததாக நிரூபணமானால் முன்னே சொன்ன 1977 சட்டத்தில் 20 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் டாலர் வரை அபராதமும் உண்டு. பில்லைத் தட்டச்சு செய்யும் கை உங்களுடையது என்பதையும் நினைவில் வையுங்கள்.

டாலர் வேண்டாம், யூரோவில் வாங்குவோம் என்று அடுத்து சொல்வார். வாங்கலாம், தவறில்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் காங்கோ பட்டியல் ஒன்று உண்டு, அவர்கள் டிசம்பர் 12-ஐ வைத்து ஆண்டுதோறும் நீட்டிக்கிறார்கள், ஐ.நா. பாதுகாப்பு மன்றமும் தன் பங்குக்கு ஜூலை 1-ஐ வைத்து நீட்டிக்கிறது. எம்23 மூன்றிலும் இருக்கிறது. நாணயத்தை மாற்றினாலும் கேள்விகள் அதேதான்.

எப்போது போகும் என்பதற்கு நாள் குறித்துச் சொல்ல முடியாது, ஆனால் போனதற்கு உதாரணங்கள் உண்டு. லைபீரியா மீதான அவசரநிலையை 2015-இலும் கோட் டிவார் மீதானதை 2016-இலும் ஒபாமா முடித்துவைத்தார், புருண்டி மீதானதை 2021-இல் பைடன் முடித்தார், 2004-இல் சிரியா மீது அறிவித்ததை 2025 ஜூன் 30 அன்று டிரம்ப் முடித்தார். இவற்றில் எதுவும் ஆண்டு நிறைவுக்குக் காத்திருந்து கழன்று விழவில்லை, தனியாக ஆணை போட்டு எடுத்தார்கள். ஆகவே அக்டோபரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், கிழக்கில் படைகள் பின்வாங்குகின்றனவா என்று பாருங்கள்.

எடுத்துவிட்டாலும் பழைய கணக்கு அழியாது, தடை இருந்த காலத்தில் நடந்ததற்கு நடவடிக்கை எடுக்கலாம். முன்பு இதற்குக் கால வரம்பு 5 ஆண்டு, 2024 ஏப்ரலில் 10 ஆண்டாக்கிவிட்டார்கள். அதனால் இந்தக் கோமா கோப்பைப் பத்து ஆண்டு பத்திரமாக வையுங்கள்: பில், ஒப்பந்தம், பட்டியலில் தேடிய அச்சு, வாடிக்கையாளரின் விளக்கக் கடிதம் எல்லாம். முதலாளி இதற்குப் பிறகும் முகவரியை மாற்றச் சொன்னால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். "கோமா முகவரியோடுதான் பில் போட முடியும், காரணம் இது" என்று அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலையும் அதே கோப்பில் சேர்த்துவிடுங்கள்.